இலவசப் பொதுப் போக்குவரத்து: லாபம் எது, நட்டம் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலவசம் என்றால் எல்லாருக்கும், எல்லா நேரமும், எல்லா வண்டியிலுமா?

பெரும்பாலும் இல்லை. ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு திட்டங்கள் ஒளிந்திருக்கின்றன. முழு இலவசம் ஒன்று: யார் ஏறினாலும் காசில்லை. உள்ளூர்வாசிக்கு மட்டும் இலவசம் இன்னொன்று: வெளியூர்க்காரர் டிக்கெட் வாங்க வேண்டும். முதியோர், மாணவர், பெண்கள் என ஒரு பிரிவினருக்கு மட்டும் கொடுப்பது மூன்றாவது. நகர மையத்துக்குள் மட்டும், கூட்டமில்லாத நேரத்தில் மட்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று இடத்தாலும் நேரத்தாலும் எல்லை போடுவதும் உண்டு.

செலவு, கூட்டம், நிர்வாகம் மூன்றும் இந்த வகைகளுக்குள் தலைகீழாக மாறும். அதனால் 'அந்த ஊரில் இலவசமாம், இங்கே ஏன் முடியாது' என்ற பேச்சு வந்தால், அந்த ஊரில் யாருக்கு, எதில் இலவசம் என்பதை முதலில் பாருங்கள்.

எங்கெல்லாம் நடைமுறையில் இருக்கிறது?

லக்சம்பர்க் 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுவதும் பஸ், டிராம், ரயில் கட்டணத்தை எடுத்துவிட்டது. ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் டிக்கெட் உண்டு. எல்லை தாண்டி வருபவர்கள் அயல்நாட்டுப் பகுதிக்கான கட்டணத்தைக் கட்ட வேண்டும். மால்டா 2022 அக்டோபரில் தொடங்கியது. அங்கே பதிவுசெய்த பயண அட்டை வைத்திருக்கும் குடியிருப்பாளருக்கு இலவசம்.

நகரங்களில் அதிகம் பேசப்படுவது எஸ்தோனியத் தலைநகர் தாலின். 2012 மார்ச்சில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 2013 ஜனவரி 1 முதல் நகரில் பதிவு பெற்றவர்களுக்கு இலவசமாக்கினார்கள். பிரான்சில் டன்கிர்க் 2018 செப்டம்பரிலும், மோன்பெலியே 2023 டிசம்பர் 21 அன்றும் இதில் இறங்கின. பிரேசிலில் ரியோ டி ஜெனிரோ அருகே உள்ள மரிக்கா 2014 முதல், எண்ணெய் வயல் உரிமைத்தொகையிலிருந்து செலவைச் சமாளிக்கிறது.

தொடங்கி நிறுத்திய ஊர்களும் உண்டு. பெல்ஜியத்தின் ஹாசெல்ட், ஜெர்மனியின் டெம்ப்ளின், அமெரிக்காவின் ஆஸ்டின் மூன்றும் அந்த வரிசை. வெற்றிக் கதைகளைவிட அவற்றில்தான் பாடம் அதிகம். கீழே வரும்.

டிக்கெட் வசூல் நின்றால் அந்தப் பணத்தை யார் கொடுப்பார்கள்?

இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு எண் விடை சொல்லிவிடும்: வண்டி ஓட்டும் மொத்தச் செலவில் டிக்கெட் வசூல் எத்தனை பங்கு?

டன்கிர்க்கில் அது ஏறக்குறைய 10 சதவீதம். லக்சம்பர்க்கில் ஆண்டுச் செலவு 50 கோடி யூரோ அளவு, கைவிட்ட வசூல் 4.1 கோடி யூரோ அளவு. இரண்டு இடத்திலும் ஏறக்குறைய 90 சதவீதம் ஏற்கெனவே வரிப்பணம்தான். கடைசிப் பத்தையும் வரியிலேயே சேர்த்துவிட்டார்கள், அவ்வளவே. ஆனால் டிக்கெட்டிலிருந்தே பாதிச் செலவை எடுக்கும் பெருநகரம் அதே முடிவை எடுத்தால் பட்ஜெட்டில் பெரிய பள்ளம் விழும். டிக்கெட் வருமானத்திலேயே ஓடும் ஹாங்காங், டோக்கியோ போன்ற ரயில் வலைகளுக்கு (தடங்களின் பின்னலுக்கு) இது கிட்டத்தட்டப் பேசவே முடியாத விஷயம்.

பள்ளத்தை நிரப்பும் வழிகள் சில. பிரெஞ்சு நகரங்களில் 11 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் சம்பளத் தொகையில் ஒரு பங்கைப் போக்குவரத்து வரியாகக் கட்டுகின்றன. டன்கிர்க், இலவசத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே அந்த வரியை உயர்த்தியிருந்தது. தாலினின் கணக்கு வேறு மாதிரி, சற்றுத் தந்திரமானதும்கூட. அங்கே வருமான வரியில் ஒரு பங்கு, நபர் எந்த நகராட்சியில் பதிவு பெற்றிருக்கிறாரோ அதற்குப் போகிறது. நகரில் வாழ்ந்துகொண்டே வேறு ஊரில் பதிவு வைத்திருந்தவர்கள் இலவச அட்டைக்காகத் தாலினுக்கு மாற்றிக்கொண்டார்கள், வரி கூடியது. புத்திசாலித்தனம்தான். ஆனால் அந்தப் பணம் அடுத்த நகராட்சியின் கஜானாவிலிருந்து வந்தது. எல்லா ஊரும் இதைச் செய்தால் யாருக்கும் லாபமில்லை.

இன்னொரு வேறுபாட்டை நிதித்துறைக்காரர்கள் உடனே சுட்டிக்காட்டுவார்கள். டிக்கெட் வருமானம் பயணிகள் கூடினால் தானாகக் கூடும். மானியம் அப்படித் தானாக வளராது. ஒவ்வோர் ஆண்டும் கேட்டு வாங்க வேண்டும். பயணிகள் கூடக் கூட நிறுவனம் ஏழையாகிக்கொண்டே போகும் விசித்திரம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

டிக்கெட் வசூலிக்கும் செலவு மிச்சமாகுமே, அதைக் கழித்தால் சரியாகிவிடாதா?

சின்ன ஊரில் சரியாகலாம், பெரிய ஊரில் ஆகாது. வசூல் என்றால் டிக்கெட் மெஷின், அட்டை மென்பொருளுக்கான உரிமக் கட்டணம், சில்லறை எண்ணுவது, பணத்தை வங்கிக்குக் கொண்டுபோவது, பரிசோதகர்கள், அபராத வழக்குகள், தணிக்கை. இருபது முப்பது வண்டி ஓடும் ஊரில் இவையெல்லாம் சேர்ந்து வசூலில் பெரும்பங்கை விழுங்கிவிடும். மெஷின்கள் பழசாகி, புது வசூல் முறைக்கு மொத்தமாகப் பணம் போட வேண்டிய நேரத்தில் 'பேசாமல் இலவசமாக்கிவிடலாமே' என்ற முடிவுக்கு வரும் சிறு ஊர்கள் உண்டு. அது நியாயமான கணக்கு.

பல்லாயிரம் கோடி வசூலாகும் வலையில் வசூல் செலவு அதில் சிறு பகுதிதான். மெட்ரோ நிலையங்களின் டிக்கெட் கதவுகள் ஏற்கெனவே நிற்கின்றன. அவற்றை எடுப்பதற்கும் செலவு. உள்ளூர்வாசிக்கு மட்டும் இலவசம் என்றால் மிச்சமே இல்லை: அட்டையும் வேண்டும், மெஷினும் வேண்டும், பரிசோதகரும் வேண்டும். வசூலுக்கான முழுச் செலவையும் வைத்துக்கொண்டு வசூலை மட்டும் விடுகிறோம்.

பயணிகள் எவ்வளவு கூடுவார்கள்?

போக்குவரத்துத் திட்டமிடுவோரின் பழைய வாய்ப்பாடு, கட்டணம் 10 சதவீதம் ஏறினால் பயணிகள் 3 சதவீதம் குறைவார்கள் என்பது. அதைத் திருப்பிப் போட்டு நூறு சதவீதக் குறைப்புக்கு 30 சதவீதக் கூட்டம் என்று கணக்கிடுவது வழக்கம். சுழியத்துக்கு அந்த வாய்ப்பாடு சரியாகப் பொருந்துவதில்லை. சில்லறை தேட வேண்டாம், எந்த டிக்கெட் என்று யோசிக்க வேண்டாம், ஒரு நிறுத்தத்துக்கும் ஏறலாம் என்பதெல்லாம் சேர்ந்து ஒரு பைசாவுக்கும் சுழியத்துக்கும் நடுவே பெரிய இடைவெளியை உண்டாக்குகின்றன. அமெரிக்க அனுபவங்களைத் தொகுத்த 2012ஆம் ஆண்டு ஆய்வு, சில மாதங்களுக்குள் 20 முதல் 60 சதவீதம் வரை கூடும் என்றது.

அதற்கு வெளியே விழுந்த ஊர்களும் பல. தாலினில் முதல் சில மாதங்களில் கூடியது சுமார் 3 சதவீதம். அதிலும் 1.2 மட்டுமே இலவசத்தால் வந்தது, மீதி புதிய பஸ் தனித்தடங்களாலும் கூடுதல் பஸ் நடைகளாலும் (டிரிப்) என்று ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். காரணம் எளிது: அங்கே ஏற்கெனவே பாதிப்பேர் பஸ்ஸிலும் டிராமிலும்தான் போனார்கள், பலர் சலுகைக் கட்டணத்தில். ஓராண்டு கழித்து எடுத்த கணக்கில் உயர்வு 14 சதவீதம்.

மறுமுனையில் ஹாசெல்ட். 1996இல் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பயணங்கள் அளவில் இருந்தது பத்தாண்டில் 40 லட்சத்தைத் தாண்டியது. இதை மேடையில் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அங்கே கட்டணத்தை எடுத்த அதே வேளையில் வழித்தடங்களையும் வண்டிகளையும் பல மடங்கு கூட்டினார்கள். டன்கிர்க்கிலும் அப்படியே: வலையை மறுபடி வரைந்து, முக்கியத் தடங்களில் பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி விட்டார்கள். முதலாண்டில் வேலை நாள்களில் சுமார் 65 சதவீதம், வார இறுதியில் சுமார் 125 சதவீதம் கூடியதில் இலவசத்தின் பங்கு எவ்வளவு, பத்து நிமிட பஸ்ஸின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

சாலையில் கார் குறையுமா?

கொஞ்சம். நினைப்பதைவிட மிகக் கொஞ்சம்.

கார் வைத்திருப்பவரைக் காருக்குள் உட்காரவைப்பது டிக்கெட் விலை அல்ல, நேரம். வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு நடை, பஸ்ஸுக்குக் காத்திருப்பு, மாறி ஏறுதல் எல்லாம் சேர்த்து 55 நிமிடம். காரில் 25 நிமிடம் என்றால், டிக்கெட்டைச் சுழியமாக்கினாலும் அந்த 30 நிமிடம் அப்படியே இருக்கும். பெட்ரோலுக்கும் காப்பீட்டுக்கும் ஏற்கெனவே அதைவிட அதிகம் கொடுப்பவர் அவர்.

அப்படியானால் புதிதாக ஏறுவது யார்? நடந்து போனவர்களும் சைக்கிளில் போனவர்களும், முன்பு அந்தப் பயணத்தையே செய்யாதவர்களும்தான் பெரும்பகுதி. தாலினில் நடைப் பயணங்களின் பங்கு 40 சதவீதம் குறைந்தது. காரின் பங்கில் சிறு சரிவுதான். டெம்ப்ளினில் 1997 டிசம்பரில் இலவசமாக்கியபின் பயணங்கள் மூன்றாண்டுக்குள் சுமார் 41 ஆயிரத்திலிருந்து 5 லட்சத்தைத் தாண்டின. ஏறியவர்களில் மிகப் பலர் பள்ளிப் பிள்ளைகளும் முன்பு நடந்தவர்களும். பாரிஸ் வட்டாரத்துக்காக 2018இல் அமைத்த நிபுணர் குழு, முழு இலவசத்தால் கார் போக்குவரத்து ஏறத்தாழ 2 சதவீதம்தான் குறையும் என்று கணித்தது.

காரைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் அதற்கான கருவிகள் வேறு: வாகன நிறுத்தக் கட்டணம், நெரிசல் கட்டணம் (கூட்டமான பகுதிக்குள் கார் நுழையக் கொடுப்பது), பஸ் தனித்தடம், அடிக்கடி வண்டி. இவற்றோடு இலவசம் சேர்ந்தால் பலன் உண்டு. தனியாக நின்றால் அது நடப்பவரின் கால்களைத்தான் ஓய்வெடுக்க வைக்கும்.

சரி, கூடும் கூட்டத்துக்கு எத்தனை வண்டி வாங்க வேண்டியிருக்கும்?

ஒரு தடத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போய்வர, இருமுனை நிறுத்த நேரமும் சேர்த்து 120 நிமிடம். காலை நெரிசலில், கூட்டம் உச்சத்தில் இருக்கும் நிறுத்தத்தை ஒரு மணி நேரத்தில் கடக்கும் பயணிகள் 300 பேர். ஒரு வண்டிக்கு 60 பேர் என்று திட்டமிட்டால் மணிக்கு 5 வண்டி, அதாவது 12 நிமிடத்துக்கு ஒன்று. 120ஐ 12ஆல் வகுத்தால் 10 வண்டிகள் தடத்தில் வேண்டும்.

இப்போது நெரிசல் நேரத்திலேயே 40 சதவீதம் கூடுகிறது என்று வைப்போம். 300 பேர் 420 பேர் ஆவார்கள். மணிக்கு 7 வண்டி தேவை. இடைவெளி எட்டரை நிமிடத்துக்குச் சற்று மேல். தடத்துக்கு 14 வண்டி. நான்கு வண்டி கூடுதல். பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஸ்பேர் வண்டியையும் சேர்க்க வேண்டும். ஒரு வண்டி தினம் 16 மணி நேரம், வாரம் ஏழு நாளும் ஓட, வார விடுமுறை, விடுப்பு எல்லாம் போக மூன்று ஓட்டுநராவது வேண்டும். ஆக 12 ஓட்டுநர்கள். பணிமனையில் ஐந்து வண்டி நிற்க இடமும் வேண்டும். இது ஒரே ஒரு தடத்துக்கு. இலவசம் பற்றிய அறிவிப்புகளில் கைவிடும் வசூலைச் சொல்வார்கள். இந்தச் செலவைச் சொல்ல மறந்துவிடுவார்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் பெரியது.

அதே 40 சதவீதம் மதியம் இரண்டு மணிக்குக் கூடினால்? அப்போது அந்த வண்டிகள் பாதி காலியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வண்டிகூடக் கூடுதலாக வேண்டாம், டீசல் சற்றே கூடும், அவ்வளவுதான். காலி இருக்கையை இலவசமாகக் கொடுப்பது ஏறக்குறையச் செலவில்லாத தருமம். நெரிசல் நேர இருக்கையை இலவசமாகக் கொடுப்பது விலை உயர்ந்த தருமம். இங்கிலாந்தில் 2008 முதல் முதியோருக்கு நாடு தழுவிய இலவச பஸ் பாஸ் உண்டு. வேலை நாள்களில் அது சட்டப்படி காலை 9.30க்குப் பிறகுதான் செல்லும் என்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

டிக்கெட் இல்லாவிட்டால் பஸ் வேகமாகப் போகுமா?

ஓட்டுநரே முன்படியில் காசு வாங்கும் ஊர்களில் போகும். சரியான சில்லறை கொடுத்து ஏற ஒருவருக்கு நாலைந்து வினாடி, அட்டையைத் தொட்டு ஏற மூன்று வினாடிக்குள், ஒன்றுமில்லாமல் ஏற ஒன்றரை முதல் இரண்டு வினாடி. எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டால் இன்னும் பாதியாகும். மேலே சொன்ன தடத்தில் ஒரு நடைக்கு 60 பேர் ஏறினால், ஆளுக்கு இரண்டரை வினாடி மிச்சம் என்றால் 150 வினாடி. போய்வர ஐந்து நிமிடம்.

நல்ல மிச்சம்தான். ஆனால் அது ஒரு வண்டியைக் குறைக்குமா? 120 நிமிடச் சுற்று 115 ஆகிறது. 12 நிமிட இடைவெளிக்கு 9.6 வண்டி, அதாவது மறுபடி 10தான். மிச்சமான நேரம் தாமதத்தைச் சரிக்கட்ட உதவும், செலவைக் குறைக்காது. நீளமான, அடிக்கடி வண்டி ஓடும் தடங்களில்தான் ஒரு வண்டி அளவுக்கு மிச்சம் சேரும்.

கண்டக்டர் உள்ளே நடந்து டிக்கெட் கொடுக்கும் முறையிலோ, அட்டை வைத்திருப்பவர்கள் எந்தக் கதவிலும் ஏறலாம் என்ற ஊரிலோ இந்த லாபம் இன்னும் சிறியது. கூடுதல் கூட்டம் படியில் முட்டுவதில் உள்ளதும் போய்விடும். ஒரு தடம் மட்டும் இலவசமாக்கும் ஊரில் இன்னொரு வேடிக்கை நடக்கும்: பக்கத்துத் தடத்தில் ஏற வேண்டியவர்களும் அந்த இலவச வண்டிக்காகக் காத்து நிற்பார்கள்.

ஏழைகளுக்கு உண்மையிலேயே பயன் போய்ச் சேருகிறதா?

சேருகிறது. இந்தத் திட்டத்தின் மிக வலுவான பக்கம் இதுதான். மாதப் பாஸுக்கு மொத்தமாகப் பணம் புரட்ட முடியாதவர் தினமும் ஒற்றை டிக்கெட் வாங்கி, வசதியானவரைவிட ஒரு பயணத்துக்கு அதிகம் கொடுக்கிறார். இலவசம் அந்த அநியாயத்தை ஒரே வீச்சில் துடைக்கிறது. வருமானச் சான்று, விண்ணப்பம், வரிசை, 'நீ ஏழைதானா' என்ற விசாரணை எதுவும் இல்லை. சலுகை பாஸ் திட்டங்களில் தகுதி உள்ளவர்களில் கணிசமானோர் விண்ணப்பிப்பதே இல்லை என்பதை எந்த நிர்வாகியும் ஒப்புக்கொள்வார்.

வேலை தேடி அலைபவர், மருத்துவமனைக்கு வாரம் இருமுறை போக வேண்டியவர், கையில் சொந்தக் காசு இல்லாத இல்லத்தரசி ஆகியோரின் பயணங்கள் நகரில் கூடுவதை எந்தப் புள்ளிவிவரமும் குறையாகக் காட்டக்கூடாது. முன்பு செய்யாத பயணம் என்று மேலே சொன்னோமே, கார் கணக்கில் அது வீண். மனிதக் கணக்கில் அதுதான் திட்டத்தின் சாரம்.

பயன் சேராத இடமும் உண்டு. பஸ்ஸே வராத புறநகரில் இருப்பவருக்கு இலவசம் வெறும் செய்தி. இரவுப் பணி முடிந்து பதினொன்றரைக்கு வருபவருக்குக் கடைசி வண்டி பத்தரைக்கு என்றால், டிக்கெட் விலை அவருடைய பிரச்சினையே அல்ல. சில தடங்களில் மட்டும் இலவசம் என்று சோதித்தாலும் சிக்கல்தான்: அந்த பஸ்ஸிலிருந்து இறங்கிக் கட்டண ரயிலுக்கு மாறுபவர், மாதப் பாஸ் வைத்திருப்பவர் இருவருக்கும் ஒரு காசும் மிச்சமாகாது.

பெண்கள், முதியோர் என ஒரு பிரிவுக்கு மட்டும் கொடுத்தால்?

இந்திய மாநிலங்கள் போன வழி இது. டெல்லி 2019 அக்டோபரில் பெண்களுக்கு இளஞ்சிவப்பு டிக்கெட்டோடு தொடங்கியது. தமிழ்நாடு 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளிலும், கர்நாடகம் 2023 ஜூன் 11 முதலும், தெலங்கானா அதே ஆண்டு டிசம்பர் 9 முதலும் கொண்டுவந்தன.

இதில் நிர்வாகத்தின் கண் இருக்க வேண்டிய இடம் ஈட்டுத்தொகைக் கணக்கு. இலவசமாகப் பயணித்தவர் ஒவ்வொருவருக்கும் சுழிய டிக்கெட் கொடுத்து, அந்த எண்ணிக்கையைச் சராசரிக் கட்டணத்தால் பெருக்கி அரசிடம் கேட்பது ஒரு முறை. எளிது. ஆனால் ஏறாதவருக்கும் டிக்கெட் அடிக்கத் தூண்டுதல் உண்டு. நெரிசலில் கொடுக்காமல் விட்டால் நிறுவனத்துக்கு நட்டம். இங்கிலாந்தின் முறை இன்னும் நுணுக்கம்: நிறுவனம் லாபமும் அடையக்கூடாது, நட்டமும் படக்கூடாது. நூறு இலவசப் பயணத்தில் 40 பயணம் கட்டணம் இருந்திருந்தால் நடந்தே இருக்காது என்று மதிப்பிட்டால், 60க்கு மட்டும் கட்டணத்தை ஈடுசெய்து, மீதி 40க்கு அவற்றால் வந்த கூடுதல் செலவை மட்டும் கொடுப்பார்கள். அந்த 40 என்ற எண்ணை எப்படி நிர்ணயிப்பது என்பதில்தான் சண்டை.

இன்னொரு ஓட்டை: ஒரே தடத்தில் இலவச சாதாரண வண்டியும் கட்டண விரைவு வண்டியும் ஓடினால், பணமுடை வந்ததும் சாதாரண நடைகளைக் குறைத்து விரைவு நடைகளைக் கூட்டத் தோன்றும். காகிதத்தில் இலவசம் அப்படியே இருக்கும், நிறுத்தத்தில் இலவச வண்டி வராது. எனவே ஒப்பந்தத்திலேயே ஒரு தடத்துக்கு இத்தனை இலவச நடை என்று எழுதிவைக்க வேண்டும்.

வண்டியில் ரகளை, அசுத்தம் கூடும் என்கிறார்களே?

ஊரைப் பொறுத்தது, ஆனால் வெறும் பயமுறுத்தல் அல்ல. ஆஸ்டினில் 1989 அக்டோபர் முதல் 1990 இறுதி வரை நடந்த சோதனையில் பயணங்கள் சுமார் 75 சதவீதம் கூடின; குடித்துவிட்டு ஏறுபவர், ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குச் சும்மா சுற்றும் இளைஞர் கூட்டம் பற்றி ஓட்டுநர்களே கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். டெம்ப்ளினிலும் இருக்கை கிழிப்பு கூடியது. மறுபக்கம், ஓட்டுநர்கள் அடிபடும் சண்டைகளில் பல டிக்கெட் தகராறில்தான் பிறக்கின்றன. இலவசம் அந்த விதையையே எடுத்துவிடுகிறது.

நடைமுறைத் தீர்வு: கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கி மறுபடி ஏற வேண்டும் என்ற விதி, பரிசோதகர் பதவிகளை ஒழிக்காமல் அவர்களையே வண்டிக்குள் உதவியாளர்களாக மாற்றுவது. பரிசோதகரை வீட்டுக்கு அனுப்பி மிச்சம் பிடித்தால் வண்டிக்குள் சீருடை ஆளே இல்லாமல் போகும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான வீட்டுவாசல் வண்டிச் சேவையை இது பாதிக்குமா?

பாதிக்கும், பலர் கவனிக்காமல் மாட்டிக்கொள்வது இங்கே. அமெரிக்கச் சட்டப்படி இந்தச் சேவையின் கட்டணம் சாதாரண பஸ் கட்டணத்தின் இரு மடங்கைத் தாண்டக்கூடாது. சுழியத்தின் இரு மடங்கும் சுழியம். அதாவது பஸ்ஸை இலவசமாக்கிய அன்றே, ஒரு பயணத்துக்குப் பஸ்ஸைவிடப் பல மடங்கு செலவாகும் அந்தச் சேவையும் இலவசம். முன்பதிவு திடீரென்று கூடும், வண்டி போதாது. இப்படிக் கட்டணத்தோடு பிணைத்த சட்டம் எந்த நாட்டில் இருந்தாலும் இலவசக் கணக்கில் இந்தச் செலவுக்குத் தனி இடம் வேண்டும்.

டிக்கெட் இல்லாமல் பயணிகளை எப்படி எண்ணுவது?

கதவுக்கு மேல் பொருத்தும் தானியங்கி எண்ணிகள் வழியாக. எல்லா வண்டிக்கும் வேண்டாம். நான்கில் ஒன்றில் பொருத்தி, அந்த வண்டிகளைத் தடம் தடமாக மாற்றிவிட்டால் போதும். நெருக்கியடித்து ஏறும்போது இவை குறைத்து எண்ணும் என்பதால், மாதம் ஒருமுறை ஆள் வைத்து எண்ணி ஒப்பிட வேண்டும். எண்ணிகளை இலவசம் தொடங்குவதற்குச் சில மாதம் முன்பே பொருத்துங்கள். முன்னும் பின்னும் ஒரே அளவுகோல் இல்லாமல் 'இரண்டு மடங்கு கூடியது' என்று சொல்லும் ஊர்கள், டிக்கெட் கணக்கையும் கண்மதிப்பையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கின்றன.

வண்டி ஓட்டுவது தனியார் என்றால்?

ஒப்பந்தம் எந்த வகை என்று பாருங்கள். ஓட்டிய கிலோமீட்டருக்கு அரசு பணம் கொடுக்கும் வகையானால் சிக்கல் குறைவு. வசூல் தனியாருடையது என்ற வகையானால் ஒப்பந்தத்தையே மாற்றி எழுத வேண்டும். இல்லையேல் நட்டஈடு கேட்டு வழக்கு வரும். கிலோமீட்டருக்குப் பணம் என்றாலும் ஒரு பொறி: பயணியை ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் அதே பணம்தானே, நிறுத்தத்தில் நிற்காமல் போகலாம் என்ற சோம்பல் வரும். நேரந்தவறாமைக்கும் நின்று ஏற்றுவதற்கும் ஊக்கத்தொகை சேர்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

முழு இலவசத்துக்குப் பதில் மிகக் குறைந்த கட்டணம் வைத்தால்?

பெரிய வலைகளுக்கு இது பெரும்பாலும் மேலான வழி என்பது எங்கள் கருத்து. வியன்னா 2012 முதல் பல ஆண்டுகள் 365 யூரோவுக்கு ஆண்டுப் பாஸ் கொடுத்தது, நாளுக்கு ஒரு யூரோ. வாகன நிறுத்தக் கட்டணத்தை நகரில் விரித்து அதன் பணத்தையும் போக்குவரத்துக்குத் திருப்பினார்கள். ஜெர்மனி 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாதம் 9 யூரோவுக்கு நாடு முழுவதற்கும் உள்ளூர்ப் பயண டிக்கெட் விற்றது. ஐந்து கோடிக்கு மேல் விற்பனை, விடுமுறை நாள்களில் ரயில்களில் நிற்க இடமில்லை. பிறகு 2023 மே மாதம் 49 யூரோவாக நிலைப்படுத்தி, 2025இல் 58 யூரோவாக ஏற்றினார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து 2024 ஆகஸ்ட் முதல் எந்தத் தொலைவுக்கும் 50 சென்ட் என்கிறது.

சிறு கட்டணம் வருமானத்துக்காக அல்ல. அட்டையைத் தொடும் பழக்கம் நீடிக்கும், எண்ணிக்கை கிடைக்கும், ஒரு நிறுத்தத்துக்கு ஏறும் நெரிசல் குறையும், நாளை கட்டணத்தை மாற்ற வேண்டியிருந்தால் கதவு திறந்தே இருக்கும்.

தொடங்கிய பிறகு நிறுத்த முடியுமா?

முடியும், வலிக்கும். ஹாசெல்ட் 16 ஆண்டு ஓட்டியபின் 2013இல் பெரும்பாலானோருக்குக் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. காரணம் கொள்கை மாற்றம் அல்ல, பத்து மடங்குக்கு மேல் பெருத்த பயணங்களின் செலவு. டெம்ப்ளின் சில ஆண்டுகளிலேயே மலிவு ஆண்டு அட்டைக்கு மாறியது. அதனால் படிப்படியாக இறங்குவது நல்லது. மோன்பெலியே அப்படித்தான் செய்தது: 2020 செப்டம்பரில் வார இறுதி மட்டும், அடுத்த ஆண்டு 18 வயதுக்குட்பட்டோரும் 65க்கு மேற்பட்டோரும், 2023 டிசம்பரில் எல்லாக் குடியிருப்பாளரும்.

எங்கள் ஊரில் செய்யலாமா என்று எப்படி முடிவெடுப்பது?

மூன்று எண்களை எடுத்துவையுங்கள். செலவில் டிக்கெட் வசூலின் பங்கு. வசூலிக்கவே ஆகும் செலவு. காலை நெரிசலில் உங்கள் வண்டிகளில் காலியாக இருக்கும் இடம். முதல் எண் 15 சதவீதத்துக்குள், மூன்றாவது எண் தாராளமாக என்றால் தைரியமாக இறங்கலாம். முதல் எண் பெரியது, வண்டிகள் ஏற்கெனவே படியில் தொங்கி ஓடுகின்றன என்றால், அதே பணத்தில் முதலில் வண்டி வாங்குங்கள். நடுவில் இருக்கும் ஊர்கள் கூட்டமில்லாத நேரம், மாணவர், முதியோர் என்று தொடங்கி, ஒவ்வொரு படிக்கும் ஒரு முழு ஆண்டு எண்ணிக்கை எடுத்துப் பார்த்து அடுத்ததற்குப் போகலாம். பள்ளி விடுமுறையில் தொடங்கி மூன்று மாதத்தில் முடிவு சொல்லாதீர்கள். அந்த எண் எதற்கும் உதவாது.

புது வண்டிக்கு ஆர்டர் கொடுத்தால் கைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகலாம். ஓட்டுநர் தேர்வும் பயிற்சியும் மாதக்கணக்கில் ஆகும். அறிவிப்பு நாளை வண்டி வரும் நாளுக்குப் பிறகு வையுங்கள்.

பழைய டிக்கெட் மெஷின்களை விற்றுவிடலாமா?

இரண்டு பட்ஜெட் கடக்கும் வரை வேண்டாம். அட்டை வாசிப்பிகளைக் கழற்றாமல் உறைபோட்டு மூடி, மென்பொருள் ஒப்பந்தத்தைக் குறைந்தபட்சப் பராமரிப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பயணிகள் அட்டையில் ஏற்றிவைத்திருக்கும் மீதித் தொகையைத் திருப்பித் தர ஒரு கவுண்டரும் தேதியும் முதல் நாளிலேயே அறிவிக்கப்பட வேண்டும். மாதத்தின் நடுவில் தொடங்கினால் மாதப் பாஸ்காரருக்கு மீதி நாள்களின் பணமும் உண்டு.